டிராக்டருக்குப் பெட்டி வாங்கப் போகிறீர்களா?

"டிராக்டர் சமாசாரம் ஆண்களுடையது, எங்களுக்கு என்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! பட்டணத்தில் குடியிருந்தாலும் காரைக்குடிப் பக்கம் நாலு வயல் வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. டிராக்டருக்கு ஒரு டிரெய்லர் வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், கடைசியில் அடகுக் கடைக்குப் போவது உங்கள் வளையல்தானே?

செட்டிநாடு வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால்தான் தையில் அறுவடை. "பெரிய பெட்டியாகவே வாங்கிவிடுவோம், ஒரே நடையில் நெல் வீடு வந்து சேரும்" என்பார் வீட்டுக்காரர். அங்கேதான் சற்று நிதானிக்க வேண்டும்.

நடுத்தர டிராக்டரின் எடை சுமார் 2 டன். 60 கிலோ மூட்டை 50 ஏற்றினால் நெல் மட்டும் 3 டன். பெட்டியின் எடை வேறு. இழுக்கும்போது டிராக்டர் சளைக்காது. நிறுத்தும்போதுதான் ஆபத்து! கண்மாய்க் கரையிலிருந்து சரிவில் இறங்குகையில், பிரேக் இல்லாத பெட்டி முன்னால் போகும் டிராக்டரையே பிடித்துத் தள்ளும். திருகிக் கவிழ்த்தும் விடும். ஆகையால், "எத்தனை மூட்டை பிடிக்கும்?" என்று கேட்பதற்கு முன்னால், "இதற்குச் சொந்தமாகப் பிரேக் உண்டா?" என்று கேளுங்கள். இல்லையென்றால், சுமையோடு சேர்ந்தும் டிராக்டரின் எடையைத் தாண்டாத சிறு பெட்டியே போதும். இரண்டு நடை போகட்டுமே!

இரண்டு சக்கரப் பெட்டி தன் பாரத்தில் ஒரு பங்கை டிராக்டரின் பின்புறத்தில் சாய்ப்பதால், ஈர மண்ணில் டிராக்டர் சக்கரத்துக்குப் பிடிப்பு கூடும். நாலு சக்கரப் பெட்டி அதிகம் தாங்கும். ஆனால் குறுகலான வண்டிப் பாதையில் அதைப் பின்னுக்குத் தள்ளத் தனிச் சாமர்த்தியம் வேண்டும்.

இன்னொன்று: டிராக்டரில் வலது சக்கரத்துக்கு ஒன்றும் இடது சக்கரத்துக்கு ஒன்றுமாகப் பிரேக் மிதிகள் இரண்டு. வயலில் சட்டென்று திரும்புவதற்காக இந்த ஏற்பாடு. சாலைக்கு வந்ததும் இரண்டையும் கொக்கி போட்டு இணைக்க வேண்டும். மறந்தால் ஒரு சக்கரம் மட்டும் நின்று வண்டி பக்கவாட்டில் இழுக்கும். டிரைவர் தம்பியிடம் இதை ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்பதில் வெட்கம் என்ன?

பெட்டி வந்துவிட்டதா? திருவிழாவும் வரும்! "ஜமுக்காளம் விரித்தால் இருபது பேர் உட்காரலாம், ஆச்சி" என்று யாராவது சொல்வார்கள். மூட்டைக்காகச் செய்த பெட்டியில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆட்களை ஏற்றச் சட்டமும் இடம் தரவில்லை. ஜமுக்காளத்தை மடித்து உள்ளே வையுங்கள். குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் காரைக்குடியிலிருந்து பஸ் இருக்கிறது.