ஒரே இன்ஜின், ஊருக்கு ஒரு பெயர்! தெரியுமா?

மாருதி ஸ்விஃப்ட் டீசலும் டாடா விஸ்டா டீசலும் மார்க்கெட்டில் முட்டி மோதிக்கொண்ட காலம் நினைவிருக்கிறதா? மாருதி ஆட்கள் மாருதிதான் என்பார்கள், டாடா ஆட்கள் டாடாதான் என்பார்கள். விஸ்டா குவாட்ராஜெட்டின் பானெட்டையும் ஸ்விஃப்ட்டின் பானெட்டையும் திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருந்தது தெரியுமா? ஒரே இன்ஜின்! மாருதியும் உருவாக்கவில்லை, டாடாவும் உருவாக்கவில்லை. இத்தாலிக்கார ஃபியட்டின் 1.3 மல்டிஜெட்!

பெயர்களைக் கேளுங்கள்! மாருதியில் டிடிஐஎஸ். டாடாவில் குவாட்ராஜெட். செவ்ரோலே செயிலில் ஸ்மார்ட்டெக். ஐரோப்பாவின் ஓப்பல் கோர்சாவில் சிடிடிஐ. ஃபோர்டு கா, ஆல்ஃபா ரோமியோ மிட்டோ, லான்சியா இப்சிலான் எல்லாவற்றிலும் இதே இன்ஜின்தான்! நம் நாட்டில் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, பலேனோ, மான்சா, ஜெஸ்ட், போல்ட், லீனியா, புன்ட்டோ என்று பட்டியல் நீளும். கார் ரசிகர்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர்: 'இந்தியாவின் தேசிய இன்ஜின்'!

வேடிக்கை என்னவென்றால், ஃபியட்டின் சொந்தக் கார்கள் இங்கே பெரிதாக விற்கவே இல்லை. இன்ஜின் மட்டும் தெருவுக்குத் தெரு!

இது எங்கே பிறந்தது? 2003-ல், போலந்தின் பியல்ஸ்கோ-பியாவா நகரில்! 2013-க்குள் அந்த ஆலை மட்டும் 50 லட்சம் இன்ஜின்களைத் தொட்டுவிட்டது. இங்கே புனேக்குப் பக்கத்தில் ரஞ்சன்கான், ஹரியானாவில் மானேசர் ஆகிய இடங்களில் தயாரானது. அதுவும் போதவில்லை! ஸ்விஃப்ட் டீசலுக்கு மாதக்கணக்கில் ஜனம் காத்துக் கிடக்க, 2012-ல் மாருதி ஃபியட்டிடமே போய் ஆண்டுக்கு 1 லட்சம் இன்ஜின்கள் வரை வாங்க ஒப்பந்தம் போட்டது!

இந்த இன்ஜின் ஒரு விவாகரத்தையே பார்த்தது தெரியுமா? ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாளிகள். 2005-ல் கூட்டு முறிந்தது. கழன்றுகொள்ள ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்த தொகை எவ்வளவு? சுமார் 200 கோடி டாலர்! ஆனாலும் இந்தக் குட்டி டீசலில் தன் பங்கை மட்டும் அது விடவில்லை. அதே 2005-ல் 1 முதல் 1.4 லிட்டர் பிரிவில் 'ஆண்டின் சர்வதேச இன்ஜின்' விருதும் இதற்கே!

சரி, எவ்வளவு பெரியது? 50 சென்டிமீட்டர்கூட நீளமில்லை! உயரம் சுமார் 65 சென்டிமீட்டர், எடை சுமார் 130 கிலோ. அதற்குள் 4 சிலிண்டர், 16 வால்வு, ஒரு டர்போ! சிலிண்டரின் விட்டம் 69.6 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 82 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டருக்கு 312 சிசி, மொத்தம் 1,248 சிசி!

ஸ்பார்க் பிளக் ஒன்றுகூடக் கிடையாது! காற்றைப் பதினேழு பதினெட்டு மடங்கு நெருக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அதில் டீசல் பட்டதும் தானாகவே தீப்பிடிக்கும்!

இந்த டீசல் எவ்வளவு அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது தெரியுமா? 1,400 பார்! ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் 1,400 கிலோவுக்கும் மேல் அமுக்கும் அழுத்தம். ஒரு முழு ஸ்விஃப்ட் காரின் எடையே அவ்வளவு வராது!

பீய்ச்சுவதும் ஒரே தடவை இல்லை. ஒரு தீக்கு 5 தடவை வரை! மல்டிஜெட் என்ற பெயரே அதனால்தான். ஒரு நொடியை 10 லட்சம் துண்டாக வெட்டுங்கள். அதில் வெறும் 150 துண்டு நேரம்தான் இரண்டு பீய்ச்சலுக்கு இடைவெளி! மிகச் சின்ன பீய்ச்சலின் அளவு? ஒரு கன மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு கடுகின் பருமன்கூட இல்லை! பழைய டீசல்களின் 'டக்கடக்க' சத்தம் அடங்கியது இந்தச் சின்னச் சின்ன முன்பீய்ச்சல்களால்தான்.

கால் டாக்ஸி டிசையரில் சென்னையிலிருந்து மதுரைக்கு 8 மணி நேரம் போகிறீர்கள். இன்ஜின் சராசரியாக நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். உள்ளே எத்தனை முறை தீப்பற்றியிருக்கும்? 19 லட்சத்து 20 ஆயிரம் முறை! தீக்கு 3 பீய்ச்சல் என்றாலே 57 லட்சம் பீய்ச்சலைத் தாண்டிவிடும். நீங்கள் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்!

ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டருக்கும் டீசல் தந்து இப்படிப் பீய்ச்சுவதற்குப் பெயர் காமன் ரயில். அதைக் கார்களுக்காக உருவாக்கியதே ஃபியட் குழுமம்தான் தெரியுமா? உருவாக்கிவிட்டு 1994-ல் பாஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டது! 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் அது முதன்முதலாக வந்தது. ஆக்கியவன் ஒருவன், அறுவடை செய்தவன் இன்னொருவன்!

இழுவை? ஸ்விஃப்ட்டின் அன்றைய பெட்ரோல் இன்ஜின் 1,298 சிசி. டார்க் 113 நியூட்டன் மீட்டர். அதைவிடச் சின்னதான இந்த 1,248 சிசி டீசல் தந்தது 190! ஒன்றரை மடங்குக்கும் மேல்! குதிரைத்திறன் என்னவோ 75-தான். ரகத்தைப் பொறுத்து 90, அதற்கு மேலும் கிடைத்தது. ஐரோப்பாவில் 105 வரை கறந்துவிட்டார்கள்!

1,298, 1,248 என்ற அந்த இரண்டு சிசி எண்களில் இன்னொரு கூத்து! 2006 பட்ஜெட்டில் சின்னக் காருக்கு வரி குறைந்தது. 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள். பெரிய பெட்ரோல் இன்ஜின் மாட்டிக்கொண்டது, டீசல் ஜம்மென்று தப்பித்தது! 2012-ல் டிசையரின் டிக்கியை நறுக்கி 3,995 மில்லிமீட்டருக்குள் அடக்கியதும் இந்த வரிக்குறைப்புக்காகத்தான். அந்த மொட்டை வாலைப் பார்த்து அன்று சிரிக்காதவர் குறைவு!

மைலேஜ் கேட்காமல் விடுவோமா? 2017 டிசையர் டீசலுக்கு அராய் (ARAI) ஆய்வகச் சோதனையில் கிடைத்தது லிட்டருக்கு 28.4 கிலோமீட்டர்! ரோட்டில் அவ்வளவு வராதுதான். ஆனால் வந்த அளவுக்கே ஆளாளுக்கு வாங்கிப் போட்டார்கள்.

அப்படியென்றால் குறையே இல்லையா? இருக்கிறது! முதல் குறை, டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. 2,000 சுற்றுக்குக் கீழே வண்டி தூங்கும்! மேடு ஏறும்போது, சிக்னலில் கிளம்பும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் பிக்கப் இருக்காது. காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும் டர்போ வேகமெடுத்ததும் 'விர்'ரென்று பாயும்!

அந்த டர்போ எவ்வளவு வேகமாகச் சுற்றும்? நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தாண்டும்! அதன் தண்டு மெல்லிய ஆயில் படலத்தில் மிதக்கிறது. ஆயில் வராமல் போனால் டர்போ காலி! பைபாஸில் பறந்து வந்து நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுப் பிறகு ஆஃப் செய்யச் சொல்வது இதனால்தான்.

இனிமேல்தான் பெரிய சங்கதி! வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தப்பாமல் இயக்க டைமிங் பெல்ட் இதில் கிடையாது, இரும்புச் செயின்! 2,50,000 கிலோமீட்டருக்குத் தொடவே வேண்டாம் என்றுதான் ஃபியட் சொன்னது. அப்புறம் ஏன் இந்த இன்ஜினின் பெயரைச் சொன்னாலே மெக்கானிக்குகள் 'செயினைப் பார்த்தீங்களா?' என்கிறார்கள்?

காரணம் ஆயில்! இந்த இன்ஜினில் இருக்கும் ஆயில் எவ்வளவு தெரியுமா? சுமார் 3 லிட்டர்! ஐரோப்பாவில் அதை 30,000 கிலோமீட்டர் வரை மாற்ற வேண்டாம் என்றார்கள். டீசல் கரி கலந்து ஆயில் மையாகக் கறுத்துப்போகும். செயின் உண்மையில் இழுபட்டு நீளுவதில்லை! கண்ணிகளைக் கோத்திருக்கும் பின்கள் அந்தக் கரியில் தேய்கின்றன. ஒவ்வொரு பின்னும் ஒரு துளி தேய்ந்தால் போதும், மொத்தச் செயினும் தொளதொளத்துவிடும். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் வேலை செய்வதும் ஆயில் அழுத்தத்தில்தான்! ஆயில் குறைந்தால் பிடியும் போச்சு.

இந்த நோயைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம் தெரியுமா? இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஓரிரு நொடி 'கடகட'வென்று சங்கிலிச் சத்தம் வந்து அடங்குகிறதா? செயின் கூப்பிடுகிறது! அலட்சியமாக விட்டால் செயின் பல் தாண்டும். நிமிடத்துக்கு 4,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். அப்படி ஓடும் பிஸ்டன் வால்வை முட்டும்! ராக்கர் ஆர்ம் உடையும், வால்வு வளையும். பில்லைப் பார்த்தால் தலை சுற்றும்!

ஆயில் குறைந்தால்தான் ஆபத்து என்றா நினைத்தீர்கள்? கூடினாலும் ஆபத்து! கரி வடிகட்டி உள்ள ஐரோப்பிய வண்டிகளில், சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். ஊருக்குள்ளேயே குட்டிக் குட்டி ஓட்டமாக ஓட்டினால் எரிப்பு பாதியில் நிற்கும், டீசல் ஒழுகி ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறும்! வண்டி ஆயிலே குடிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. பாவம்!

மற்றவை சில்லறைத் தொல்லைகள். புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வில் கரி அப்பிக்கொண்டால் வண்டி உதறும், கறும்புகை தள்ளும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள தாமிர வாஷர் கசிந்தால் சுற்றிலும் தார் போலக் கறுப்பாகக் கட்டிப்போகும், இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடு! டீசலில் தண்ணீர் கலந்திருந்தால் ஃபில்டர் லைட் எரியும். அதைப் பார்த்தும் ஓட்டினால் 1,400 பாரில் வேலை செய்யும் இன்ஜெக்டர்களுக்கு ஆப்பு!

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ். 6 புகை மாசு விதி வந்தது. அதற்கேற்ப மாற்றச் செலவு அதிகம் என்று இந்த இன்ஜினைக் கைவிட்டார்கள். புதிதாக இனி வராது. ஆனால் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் எத்தனை ஸ்விஃப்ட், எத்தனை டிசையர்!

வாங்கப் போகிறீர்களா? மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்பாதீர்கள், ஆயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள். வண்டியைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, முதல் ஸ்டார்ட்டை நீங்களே காது கொடுத்துக் கேளுங்கள்!