பிரித்த கூட்டில் புதிய இராணி

கண்டி அரசனின் காவலில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்து, 1679 ஆம் ஆண்டில் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தம் நூலில் அந்நாட்டுத் தேனீக்களையும் குறிப்பிட்டுள்ளார். அவற்றுள் மரப்பொந்துகளில் அடை கட்டுவதாக அவர் கூறும் ஈயே, கண்டியைச் சூழ்ந்த வீட்டுத் தோட்டங்களில் இன்றும் வளர்க்கப்படுகின்றது. பானையில் வைத்த கூட்டைப் பிரிப்பது அரிது. சட்டங்கள் பொருத்திய மரப்பெட்டியாயின் எளிது: முட்டையும் இளம்புழுவும் தேனும் உள்ள சில அடைகளை, அவற்றை மொய்த்திருக்கும் ஈக்களோடு வேறொரு பெட்டிக்கு மாற்றிவிடலாம். இராணி பழைய பெட்டியிலேயே இருக்கும்.

புதிய பெட்டியின் ஈக்கள் தமக்கு இராணி இல்லை என்பதைச் சில மணி நேரத்திலேயே உணர்கின்றன. இராணியின் உடலிற் சுரக்கும் மணப்பொருள் குறைவதே அதற்கு அறிகுறி. உடனே அவை மிக இளைய புழுக்கள் சிலவற்றைத் தெரிந்து, அவற்றின் அறைகளை நீட்டி, நிலக்கடலை போலக் கீழ்நோக்கித் தொங்கும் இராணி அறைகளாக மாற்றுகின்றன. பணி ஈயாக வளரும் புழுவுக்குச் சில நாட்களின் பின் தேனும் மகரந்தமும் கலந்த உணவு கிடைக்கும். இராணியாக வளரும் புழுவோ இறுதிவரை அரசகூழிலேயே மிதக்கும். பிறப்பில் இரண்டிற்கும் வேற்றுமை இல்லை. ஊட்டமே ஒன்றை இராணியாக்குகிறது.

கூட்டைப் பிரித்து ஏறக்குறைய பன்னிரண்டு நாட்களில் முதல் இராணி வெளிவரும். வந்ததும், இன்னும் அறைக்குள் இருக்கும் தன் உடன்பிறந்தாரைக் கொட்டிக் கொல்வதே பெரும்பாலும் அதன் முதல் வேலை! இதுவரை எல்லாவற்றையும் ஈக்களிடமே நம்பி விட்டுவிடலாம். இடர் இனித்தான் தொடங்குகிறது.

இளம் இராணி வானிற் பறந்து, பத்துக்கு மேற்பட்ட ஆண் ஈக்களோடு கூடித் திரும்பவேண்டும். இலங்கையின் மூவகைத் தேனீக்களின் இராணிகளும் ஆண் ஈக்களை ஈர்க்கச் சுரக்கும் முதன்மையான மணம் ஒன்றே. ஆயினும் இனங்கள் கலப்பதில்லை. இதற்கு ஒரு காரணத்தைக் கோனிகர், விஜயகுணசேகர என்னும் ஆய்வாளர் இருவர் 1976 இல் எடுத்துக்காட்டினர். கொம்புத் தேனீயின் ஆண்கள் நண்பகல் முதல் இரண்டரை மணிவரை பறக்கின்றன. மலைத்தேனீயின் ஆண்கள் மாலை ஆறு மணிக்குப் பின் பறக்கின்றன. பெட்டியில் வாழும் தேனீக்கோ நாலே காலிலிருந்து ஐந்தே கால்வரை, ஒரு மணி நேரமே உண்டு.

கண்டியில் வாழும் நேயர்கள் அந்த ஒரு மணி நேரத்தை நன்கறிவர். சித்திரையிலும் ஐப்பசியிலும் காலையிற் பளிச்சென்று வெயில் எறிக்கும். பிற்பகலில் ஹந்தானை மலைமீது முகில் கவிந்து இடியும் மழையுமாகக் கொட்டும். அத்தகைய மாலைகள் தொடர்ந்தால் இராணி வெளியே செல்ல முடியாது. மூன்று நான்கு வாரம் கடந்தால் கூடும் பருவமும் கடந்துவிடும். பின்னர் அது இடும் முட்டைகளிலிருந்து ஆண் ஈக்களே பிறக்கும். மழை விட்ட இடைவெளியில் பறந்து குருவிக்கு இரையாவதும் உண்டு.

அப்படி இழந்தால் ஈக்கள் இன்னொன்றை வளர்த்துக்கொள்ளலாமே எனத் தோன்றும். முடியாது. அதற்குள் பிரித்தபோது இருந்த புழுக்களெல்லாம் வளர்ந்துவிட்டன. இராணியாக்கத் தக்க இளம்புழு ஒன்றும் மிஞ்சியிராது. நாளடைவில் பணி ஈக்களே முட்டையிடத் தொடங்கும். ஓர் அறையில் இரண்டு மூன்றாகக் கிடக்கும் அம்முட்டைகளும் ஆண் ஈக்களையே தரும்.

ஆகையால் மழை குறைந்த மாதங்களில், அதுவும் ஆண் ஈ அறைகள் அடையில் தென்பட்ட பின்னரே, பிரித்தல் நன்று. நடுவே ஊசித்துளை போன்ற துளையுள்ள மூடியால் அவற்றை அறியலாம். பிரித்த பின் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடையைத் தூக்கிப் பார்க்கவேண்டும். அறைக்கு ஒன்றாக முட்டை இருந்தால் இராணி கூடித் திரும்பிவிட்டது. இல்லையேல் பழைய பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள அடை ஒன்றை எடுத்துக் கொடுத்து, மறுபடியும் நாட்களை எண்ணவேண்டியதுதான்.