மத்தவேரிக்கு வழி

அமைதிப் பெருங்கடலின் தென்கிழக்கில், சிலி நாட்டுக்குரிய ஈசுட்டர் தீவின் ஒரே வானூர்தி நிலையம் மத்தவேரி. அதற்கும் தலைநகர் சாந்தியாகோவின் நிலையத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 3,750 கிலோமீட்டர். இஃது எவரும் நூல் பிடித்து அளந்ததன்று. புவியின் நடுப்புள்ளியில் இவ்விரு நிலையங்களும் தாங்கும் கோணம் 33¾ பாகை. பாகை ஒன்றுக்குப் புவிப்பரப்பில் 111 கிலோமீட்டர். இவ்வாறு கிடைக்கும் பெருவட்ட வில்லே மிகக் குறுகிய வழி. தட்டை வரைபடத்தில் இழுக்கும் நேர்க்கோட்டைவிட அது தெற்கே வளைந்து செல்லும். ஆயினும் இங்கு மிச்சமாவது 20 கிலோமீட்டர் அளவே.

தொலைவு ஒன்றுதான், பறக்கும் காலமோ இரண்டு. இந்த அகலக்கோடுகளின் மேல்வானில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. வானூர்தியின் விரைவு மணிக்கு 850 கிலோமீட்டர், காற்றின் விரைவு 100 எனக் கொள்வோம். தீவை நோக்கிச் செல்ல 5 மணி ஆகும். திரும்பி வர 3 மணி 57 நிமிடம் போதும். போகையில் இழந்ததை வருகையில் மீட்டுவிடலாம் என்று தோன்றும். கணக்கு அதற்கு இடந்தரவில்லை. காற்றே இல்லாத வானில் இருவழிக்கும் 8 மணி 49 நிமிடம். காற்றிலோ 8 மணி 57 நிமிடம். எதிர்க்காற்றில் கழியும் நேரம் உதவும் காற்றில் கழியும் நேரத்தினும் மிகுதி என்பதே காரணம். இந்த எளிய உண்மை எனக்கு என்றும் வியப்பூட்டுகிறது.

தொடக்கத்தில் இப்பயணம் இன்னும் நெடியதாக இருந்தது. 1951 சனவரியில் வானோடி உரொபெர்த்தோ பர்ராகே, 'மானுத்தாரா' என்னும் கத்தலீனா வகை வானூர்தியில், சிலியின் இலா செரேனாவிலிருந்து முதன்முதலாக இத்தீவை அடைந்தார். அப்பறப்பு ஏறத்தாழ 19 மணி நேரம் நீண்டது. மத்தவேரியில் இன்றுள்ள ஓடுபாதை 3,300 மீட்டரினும் நெடியது. அமெரிக்காவின் வாண்டன்பெர்க் தளத்திலிருந்து ஏவப்படும் விண்ணோடம் இடர்ப்பட்டால் இறங்குவதற்கென நாசாவின் பொருட்டு 1987-இல் அது நீட்டப்பட்டது. அங்கிருந்து விண்ணோடம் எதுவும் ஏவப்படவே இல்லை. பயன் பெற்றவை பெரிய பயண வானூர்திகள்.

பாதை நீண்டும் நிலையத்தின் தனிமை குறையவில்லை. மக்கள் வாழும் அண்மைத் தீவான பிட்கேர்ன் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. அங்கு வானூர்தி இறங்க இடமில்லை. மத்தவேரி மூடப்பட்டால் வேறிடம் தேடிச் செல்ல இயலாது. ஆதலால் இத்தகைய தனித்த நிலையங்களுக்குச் செல்லும் தாரை வானூர்தி, அங்குச் சேர்ந்தபின்னும் இரண்டு மணி நேரம் பறப்பதற்கான எரிபொருளைச் சுமந்திருக்க வேண்டும் என்பது உலக நாடுகளின் பொது நெறி. மத்தவேரிக்கு மற்றுமொரு காப்பு உண்டு. ஒரு வானூர்தி, திரும்பிச் செல்ல இயலாத எல்லையைக் கடந்து தீவை நெருங்குகையில், அது தரையிறங்கும் வரை அடுத்ததை அவ்வெல்லைக்குள் விடுவதில்லை. முன்னது ஓடுபாதையில் சக்கரம் வெடித்து வழியை அடைத்துக் கிடந்தால், பின்னது நிலப்பரப்புக்குத் திரும்ப எரிபொருள் எஞ்சியிருக்க வேண்டும் அல்லவா?