நிலைவட்டிக் காலம் முடிந்த பின்: வீட்டின் விலையை விஞ்சிய கடனும் கல்முனைக் கரையோரமும்

அடகு வைத்த நகையை மீட்க இயலாது போனால் "அறுதியாகிப் போயிற்று" என்பது நம்மவர் வழக்கு. அச்சொல்லில் இழப்பு உண்டு. ஒரு முடிவும் உண்டு. நகை போனது, கடனும் அதனோடு போனது. 2013ஆம் ஆண்டிற் பொன்விலை சரிந்து, மீட்புத் தொகை நகையின் விலையை விஞ்சியபோது, இலங்கையிற் பலர் தம் நகைகளை மீட்காது விட்டனர். நட்டத்தை வங்கிகள் சுமக்க நேர்ந்தது. வீட்டை ஈடுவைத்துப் பெற்ற கடனும் இவ்வாறே தீரும் எனக் கருதுவோர் உளர். அக்கருத்துப் பிழையானது என்பதையும், அதனால் கடனாளிக்கு எஞ்சும் வழிகள் எவை என்பதையும் இங்கு நோக்குவோம்.

இலங்கையில் வீட்டுக் கடன்களின் வட்டி பெரும்பாலும் முதற் சில ஆண்டுகளுக்கே நிலையாக இருக்கும். அதன்பின் அது, சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதத்தோடு சில புள்ளிகளைக் கூட்டிக் கணிக்கப்படும். இவ்வீதம் 2021இல் 6 சதவீதத்தை அண்டியிருந்தது. 2022 ஏப்பிரல் 8ஆம் நாள் மத்திய வங்கி தன் கொள்கை வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அவ்வாண்டின் இறுதியில் முதன்மை வீதம் 28 சதவீத அளவை எட்டியது. 2020 இறுதியில், சம்பளம் பெறுவோரின் வீட்டுக் கடனுக்கு முதல் ஐந்தாண்டுகளுக்கு மத்திய வங்கி 7 சதவீத உச்சவரம்பு விதித்திருந்தது. அத்திட்டத்திற் கடன் பெற்றோர் புயலுக்குத் தப்பினர். ஓராண்டு, ஈராண்டு நிலைவட்டியோடு பெற்றோர் அதனுள் அகப்பட்டனர். ஒரே தெருவில், ஒரே சம்பளம் பெறும் இரு ஆசிரியர்களின் கதி ஒப்பந்தத்தின் ஒரு வரியால் வேறுபட்டதெனலாம்.

இதன் தாக்கத்தை ஒரு கணக்கால் விளக்குவோம். 40 இலட்சம் ரூபா நிலுவை, 15 ஆண்டு தவணை, வட்டி 11 சதவீதம் எனக் கொள்க. மாதத் தவணை ஏறத்தாழ 45,500 ரூபா. வட்டி 28 சதவீதமானால் தவணை 94,800 ரூபாவாகும். இதில் 93,300 ரூபா முதல் மாத வட்டியே. "காலத்தை நீட்டித் தாருங்கள்" என்பதே இந்நிலையிற் கடனாளி முதலிற் கேட்பது. 11 சதவீத வட்டியில் 15 ஆண்டை 30 ஆக்கினால் தவணை 7,000 ரூபாவுக்கு மேற் குறையும். 28 சதவீதத்தில் அதே நீட்டிப்பு 1,500 ரூபாவையே குறைக்கும். தவணை முழுதும் வட்டியாகிவிட்ட பின் காலநீட்டிப்பால் ஆவது சொற்பம். பழைய தவணையையே கட்டிவந்து, குறையும் வட்டி முதலோடு சேர்க்கப்படுமாயின், ஓராண்டு முடிவிற் கடன் 46½ இலட்சமாகும். ஒழுங்காகப் பணம் கட்டியவரின் கடன் இவ்வாறு வளர்கிறது.

கடன் வீட்டின் விலையை விஞ்சுதல் மேனாடுகளிற் பெரும்பாலும் வீட்டுவிலை வீழ்வதால் நேர்வது. கல்முனைக் கரையோரத்தில் நிலைமை வேறு. கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருக்குண்ட மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் வீட்டுநிலம் அரிது. அதன் விலை எளிதிற் சரிவதில்லை. இங்கு நிலம் தேய்வதிலும் கடன் பெருகுவதே முதற் காரணம். 2020இல் தொற்றுக்கால நிவாரணமாகத் தவணைகள் ஒத்திவைக்கப்பட்டபோதும் வட்டி ஓய்ந்திருக்கவில்லை. ஒருமுறை மட்டும் நிலத்தின் மதிப்பும் ஒரே காலையில் வீழ்ந்தது. 2004 டிசெம்பர் 26இல் அம்பாறை மாவட்டம் 10,000 பேருக்கு மேற்பட்டோரை இழந்தது. கிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது என்ற தடையும் அடுத்து வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டதாயினும், அதுவரை வீடுமில்லை, கட்டத்தக்க நிலமுமில்லை. கடன் மட்டும் தாளில் நின்றது.

இனி வழிகளைப் பார்ப்போம். வேறு வங்கிக்கு மாறுதல் ஏறக்குறைய இயலாதது. எந்த வங்கியும் மதிப்பீட்டுத் தொகையின் ஒரு பகுதிக்கே கடன் தரும். மதிப்பை விஞ்சிய கடனைப் பொறுப்பேற்க அதற்குத் தேவையில்லை. வீட்டை விற்கலாம். ஆனால் ஈட்டை விடுவிக்க வங்கி இசையவேண்டும். குறையும் தொகையைக் கையிலிருந்தோ புதிய கடனாலோ நிரப்பவேண்டும். ஆகவே பேசத்தக்க தரப்பு பெரும்பாலும் பழைய வங்கி ஒன்றே. மீண்டும் சில ஆண்டுகளுக்கு நிலைவட்டி, முதன்மை வீதத்துக்கு மேற் கூட்டும் புள்ளிகளைக் குறைத்தல், சேர்ந்த தண்டவட்டியைத் தள்ளுதல் ஆகியவற்றைக் கேட்கலாம். இவற்றுள் தண்டவட்டித் தள்ளுபடியே நாம் வலியுறுத்துவது. நிலுவையை உண்மையிற் குறைப்பது அதுவே. உச்ச வட்டியில் நீண்ட நிலைவட்டிக்கு ஒப்புதல் மதியன்று. 2022 இறுதியில் அவ்வாறு பூட்டிக்கொண்டவர், முதன்மை வீதம் 2025இல் 8 சதவீதத்தை அண்டி இறங்கியபோதும் பழைய சுமையையே சுமந்திருப்பார். தவணை தவறுமுன் பேசுபவருக்கே இக்கோரிக்கைகளில் வலு உண்டு.

சாவியை ஒப்படைத்து விலகுதல் வழியாகாது. கலிபோர்னியாவில், குடியிருக்கும் வீட்டை வாங்கப் பெற்ற கடன் அவ்வீட்டோடு தீரும். நமது சட்டத்தின் அடித்தளமான உரோமன் டச்சுச் சட்டத்தில் ஈடு கடனுக்குத் துணையே. ஈடு விற்றுத் தீராத மீதிக்குக் கடனாளியின் ஏனைய சொத்தும் பொறுப்பு. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குப் பராட்டே அதிகாரம் வழங்கியது. நீதிமன்றத்தை நாடாது, பணிப்பாளர் சபைத் தீர்மானத்தாலேயே ஈட்டை ஏலமிடலாம். மக்கள் எதிர்ப்பால் இவ்வதிகாரம் 2024இல் இடைநிறுத்தப்பட்டது. இடைநிறுத்தம் 2025 மார்ச் வரை நீண்டது. சிறு கடனாளர் அறியவேண்டியது 2011இன் திருத்தம்: பெற்ற முதல் 50 இலட்சம் ரூபாவை விஞ்சாத கடனுக்குப் பராட்டே செல்லாதென அது விதித்தது. அத்தகையவர்மீது வங்கி வழக்குத் தொடரவேண்டும். வழக்கு என்பது காலம். காலம் பேரத்துக்கு இடம்.

வட்டியை விலக்கும் குடும்பங்கள் குறைந்துசெல்லும் முஷாரகா முறையை நாடுகின்றன. 2005இன் வங்கித் தொழில் திருத்தச் சட்டம் இத்தகைய முறைகளுக்கு வழிவிட்டது. வங்கியும் வாடிக்கையாளரும் கூட்டுரிமையாளர். வாடிக்கையாளர் வங்கியின் பங்கைச் சிறிது சிறிதாக வாங்குவார், எஞ்சிய பங்குக்கு வாடகை தருவார். கூட்டு என்பது மெய்யாயின் விலைவீழ்ச்சியை இருவரும் பங்குக்கேற்பச் சுமக்கவேண்டும். ஆனால் வங்கியின் பங்கை முன்குறித்த விலைக்கே வாங்குவேன் என வாடிக்கையாளர் தனியே உறுதியளித்திருப்பின், நட்டம் முழுதும் அவர் தலையில் விழும். வாடகை மீளாய்வும் சந்தை வட்டியையே தொடருமாயின், பெயர் மாறியதேயன்றிச் சுமை மாறவில்லை.

கீழ்க்கரை முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது. கடன் கணவனின் வியாபாரத்துக்கோ மேல்மாடிக்கோ பெறப்பட்டிருக்கும். உறுதி மனைவியின் பெயரில் இருக்கும். ஆகவே ஈட்டில் ஒப்பமிடுபவள் அவளே. கடன்பட்டவரல்லாத மூன்றாம் ஆளின் சொத்துமீது பராட்டே செல்லாதென உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. பின்வந்த வழக்குகள் அதற்கு எல்லை வகுத்தன. எனவேதான் மனைவியைக் கூட்டுக் கடனாளியாகவும் சேர்ப்பது வங்கிக்கு நன்மை. கடனை மறுசீரமைக்கும்போது புதிய தாள்கள் வரும். அவற்றிலும் அவள் ஒப்பம் கேட்கப்படும். ஈடு தருபவளாகவா, கடனாளியாகவா ஒப்பமிடுகிறாள் என்பதை அவள் அன்றே கேட்டறியலாம். முன்னையதாயின் இழக்கக்கூடியது அவ்வீடு. பின்னையதாயின் ஏலத்தின் பின் எஞ்சும் கடனுக்கும் அவளே பொறுப்பு. அவளுடைய வயலும் நகையும் அதற்கு ஈடாகும்.