ஆவியைப் பிடித்துச் செய்த பித்தளை

வெண்கலம் வார்ப்பது ரோமானியருக்குக் கைவந்த கலை. உருகிய செம்பில் வெள்ளீயம் சேர்த்தால் போதும். சிலை வார்க்கும்போது உலோகம் அச்சுக்குள் எளிதாக ஓடக் கொஞ்சம் காரீயமும் கலப்பார்கள்.

பித்தளைதான் பெரும் சோதனை. அதற்கு வேண்டிய துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். செம்பு உருகவோ 1,085 டிகிரி வேண்டும். தாதுவைத் திறந்த உலையில் சுட்டால் துத்தநாகம் புகையாய்ப் போய்விடும்.

அந்த ஆவியையே அவர்கள் வேலை வாங்கினார்கள். செம்புத் துண்டுகள், பொடித்த துத்தநாகத் தாது, கரி மூன்றையும் மண் மூசையில் இட்டு மூடியை இறுக்கி அடைத்தார்கள். சூடு ஏறியதும், தாதுவில் இருந்த ஆக்சிஜனைக் கரி பறித்துக்கொண்டது. வெளிவந்த துத்தநாக ஆவி, இன்னும் உருகாத செம்புக்குள் ஊறியது. வெப்பமானி இல்லாத காலத்தில் இத்தனை குறுகிய வரம்புக்குள் உலையை நிறுத்தியது அசாத்தியத் திறமை. துத்தநாகக் கறை படிந்த இத்தகைய சிறு மூசைகள் இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் கிடைத்துள்ளன.

கி.மு. 23 வாக்கில் பேரரசர் அகஸ்டஸ் இந்தப் பொன்னிற உலோகத்தை நாணயத்துக்குக் கொண்டுவந்தார். பித்தளையில் அடித்த துபோண்டியஸும் செம்பில் அடித்த ஆஸும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் முன்னதன் மதிப்பு இரண்டு மடங்கு! வேறுபடுத்திக் காட்டியது நிறம்தான்.

பழைய பித்தளையை மீண்டும் மீண்டும் உருக்கியதில் துத்தநாகம் ஆவியாகிக் குறைந்தது. 2ஆம் நூற்றாண்டு நாணயங்களில் அதன் பங்கு வெகுவாகச் சரிந்துவிட்டது.