விடைபெறுவோருக்குச் சூதாடியின் பாட்டு

பிரிந்து செல்லும் நண்பருக்கு நாம் மாலையிடுகிறோம்; வாழ்த்துப்பா வாசித்தளிக்கிறோம்; சிற்றுண்டி பரிமாறிக் கைகுலுக்கி அனுப்புகிறோம். மேல்நாட்டார் இவற்றோடு இன்னொன்றையும் செய்வதுண்டு. பிரிபவரின் இயல்புக்கேற்ற பாடல்கள் பத்துப் பன்னிரண்டைத் தேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, ஒரே தொகுப்பாக அவர் கையில் அளிப்பர். ஒலிநாடாக் காலத்திற் பரவிய இவ்வழக்கம் நாடா மறைந்த பின்னரும் மறையவில்லை. கடல், புகையிரதம், மழை என ஏதேனும் ஒரு பொருளைப் பற்றிய பாடல்களையே திரட்டுவோரும் உளர். சூதாட்டப் பாடல்களை மட்டுமே கொண்டு ஒரு பிரியாவிடைத் தொகுப்பை அமைத்தல் தகுமா?

நளனும் தருமனும் கவறாடி நாடிழந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வள்ளுவரோ சூதைக் கடிவதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நல்லதொரு வேளையிற் சூதுக்கு என்ன வேலை என்று வாசகர் வினவுதல் இயல்பே. ஆயின், அமெரிக்க மண்ணிற் பிறந்த சூதாட்டப் பாடல்களை ஊன்றிக் கேட்போர் ஓர் உண்மையைக் காண்பர். அவற்றுட் சிறந்தவை பணம் குவிந்த கதையைப் பாடுவன அல்ல. மேசையை விட்டு எழும் வேளையைப் பாடுவன. அதனாலேயே அவை விடைபெறுதலுக்கு நெருங்கிய உறவாகின்றன.

தொகுப்பின் தொடக்கத்துக்கு நம்பிக்கை ததும்பும் பாட்டு வேண்டும். பிராங் லெஸ்ஸர் இயற்றிய ‘லக் பீ எ லேடி’ அதற்கு ஏற்றது. 1950ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் பிரோட்வேயில் அரங்கேறிய ‘கைஸ் அண்ட் டோல்ஸ்’ என்னும் இசை நாடகத்தில், பகடையை உருட்டுமுன் கதாநாயகன் அதிர்ஷ்டத்தைப் பெண்ணாக உருவகித்து மன்றாடும் பாட்டு அது. அவன் தோற்றால் ஒவ்வொரு சூதாடிக்கும் ஆயிரம் டொலர் கொடுக்க வேண்டும்; வென்றாலோ அவர்கள் அனைவரும் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வர வேண்டும். பணத்தை வெல்வதற்கன்றித் தான் காதலித்த பெண்ணுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்காக உருட்டப்படும் பகடை அது. புதிய ஊருக்கோ புதிய தொழிலுக்கோ புறப்படுபவரும் இவ்வாறே விளைவறியாத ஒன்றிலன்றோ துணிந்து இறங்குகிறார்?

தாளம் இனிதென்பதற்காக எதனையும் சேர்த்துவிடலாகாது. லோயிட் பிரைஸ் 1958இல் பாடிய ‘ஸ்டகர் லீ’ கால்களை ஆட்டுவிக்கும் பாட்டு. ஆயினும் பகடையாட்டத்திற் கிளைத்த சண்டை கொலையில் முடிவதே அதன் கதை. 1895ஆம் ஆண்டு நத்தார் இரவில் செயின்ட் லூயிஸ் நகரத்து மதுச்சாலை ஒன்றில் லீ ஷெல்டன் என்பவன் வில்லியம் லைன்ஸ் என்பவனைச் சுட்டுக் கொன்ற உண்மைச் சம்பவம் அதன் வேர். அங்கு மூண்ட பூசல் ஒரு தொப்பியைப் பற்றியது. பகடையைச் சேர்த்தது பாட்டு. தொலைக்காட்சிக்காகக் கொலையை நீக்கி, இருவரும் சமாதானமாவதாக வரிகளை மாற்றிப் பிரைஸே மீண்டும் பாட நேர்ந்தது. அவ்வாறு திருத்தி வழங்க வேண்டிய பாட்டை விலக்குதலே நன்று.

தொகுப்பின் நடுவிற் கனமான ஒன்று இருத்தல் வேண்டும். ஜோர்ஜியா மாநிலத்தின் கண்ணற்ற பாணர் வில்லி மெக்டெல் பாடிய ‘டையிங் கிரப்ஷூட்டர்ஸ் புளூஸ்’ அத்தகையது. நாட்டார் பாடல்களைத் திரட்டிய ஜோன் லோமக்ஸ் 1940இல் அற்லாண்டாவில் அதனைப் பதிவுசெய்தார். மரணத் தறுவாயிலிருந்த சூதாடி நண்பனொருவனின் வேண்டுகோளின்படியே அதனை ஆக்கியதாக மெக்டெல் 1956ஆம் ஆண்டின் ஒலிப்பதிவொன்றிற் கூறினார். தன் பிரேதப் பெட்டியைச் சூதாடிகளே சுமக்க வேண்டுமென அதில் அவன் ஏற்பாடு செய்கிறான். அழுகையை எதிர்பார்த்த இடத்திற் கேலி பிறக்கிறது. தன் பிரியாவிடையைத் தானே வகுத்துக்கொள்ளும் துணிவு அக்கேலிக்குள் இருக்கிறது.

இறுதிப் பாட்டைப் பற்றி ஐயத்துக்கிடமில்லை. டொன் ஷ்லிட்ஸ் என்னும் இளைஞர் 1976இல், நாஷ்வில் நகரின் வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இரவுநேரக் கணினி இயக்குநராகப் பணிபுரிந்த நாட்களில் எழுதிய ‘த கம்ப்ளர்’ அது. பொபி பெயாரும் ஜொனி காஷும் அதனைப் பாடினர். எனினும், 1978இல் கெனி றொஜர்ஸ் பாடியபோதே அது உலகைச் சுற்றிற்று. இரவுப் புகையிரதத்தில் முதிய சூதாடியொருவன் முன்பின் அறியாத ஒருவனைச் சந்திக்கிறான். சிறிது மதுவையும் ஒரு சிகரெட்டையும் கூலியாகப் பெற்று, ஆட்டத்தின் நுட்பத்தை உரைக்கிறான். எந்தச் சீட்டும் வெல்லவும் கூடும், தோற்கவும் கூடும். எழ வேண்டிய வேளையை அறிதலே அறிவு என்பது அவன் உபதேசம். பின்னர் அவ்விருளிலேயே அவன் அமைதியாக உயிர் நீக்கிறான். அறிமுகமற்றவனுக்கு அவன் விட்டுச் சென்றது அந்த அறிவுரை ஒன்றே.

அதனைப் பாடியவரின் பிரியாவிடையோ பாட்டினும் ஆழமான பாடமாயிற்று. 2015இல் ஓய்வை அறிவித்த றொஜர்ஸ், தம் இறுதி இசைப் பயணத்துக்குச் ‘சூதாடியின் கடைசிச் சீட்டுப் பகிர்வு’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். 2017 ஒக்டோபர் 25ஆந் திகதி நாஷ்வில்லில் நடந்த பிரியாவிடை விழாவில் டொலி பார்ட்டனுடன் இறுதியாகச் சேர்ந்து பாடினார். எழும் வேளையைத் தாமே குறித்துக்கொண்டவர் அவர். ஆயினும் உடல் இடந்தரவில்லை. 2018 ஏப்ரலில் எஞ்சிய நிகழ்ச்சிகள் கைவிடப்பட்டன. 2020 மார்ச் 20ஆந் திகதி, தமது 81ஆவது வயதில் அவர் மறைந்தார். கொள்ளைநோய் பரவத் தொடங்கிய நாட்கள் அவை. ஆதலால், ஆயிரமாயிரம் பேர் கூடியிருக்க வேண்டிய இறுதிச் சடங்கைச் சிறிய அளவில் நடத்தவே குடும்பத்தார் முடிவு செய்தனர்.

பாடல்களைத் தேர்வோர் பெறுபவரின் உள்ளத்தையும் நினைத்தல் வேண்டும். சூதால் வீடிழந்த குடும்பத்தவருக்கு இத்தொகுப்பு விருந்தாகாது, வடுவையே கீறும். பிறருக்கோ இது பொருள் பொதிந்த பரிசாகும். எழும் வேளையைத் தாமே தேரும் பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. அது வாய்த்த ஒருவர் நம்மிடையே இருந்து எழும்போது, நெடுநாளாக நெஞ்சில் வைத்திருந்த நன்றியை அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட வேண்டும். பாட்டு எத்துணை சிறந்ததாயினும் அந்தச் சொல்லுக்கு ஈடாகாது.