கப்பலில் போட்ட கணக்கு

மகனுக்கு வெளிநாட்டில் படிக்க வாய்ப்பு வந்திருக்கிறது. தாயோ படுத்த படுக்கை. "இப்ப போகாதேப்பா" என்றுதானே உற்றார் சொல்வார்கள்? 1930-ல் சென்னையில் சீதாலட்சுமி அம்மாள் அப்படிச் சொல்லவில்லை. மகன் போயே ஆக வேண்டும் என்று நின்றார். இப்ஸனின் நாடகத்தைத் தமிழாக்கியவர் அவர். கெட்டிக்காரப் பெண்மணி!

ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறிய அந்த 19 வயதுப் பிள்ளைதான் எஸ். சந்திரசேகர். கப்பலில் என்ன செய்தார் தெரியுமோ? எரிந்து முடிந்த நட்சத்திரம் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார்!

எங்கள் நயினார்கோவில் பக்கம் முண்டு வத்தல் மூட்டை கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சாக்கில் போட்டு அமுக்கினால் முதலில் மளமளவென்று இறங்கும். அப்புறம் எவ்வளவு அமுக்கினாலும் அசையாது. ஓய்ந்த நட்சத்திரமும் தன் எடையாலேயே தன்னை அமுக்கிக்கொள்கிறது. உள்ளே எலெக்ட்ரான்கள், குவாண்டம் விதிப்படி, ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராமல் எதிர்த்து நிற்கும். இதற்கு 'வெள்ளைக் குள்ளன்' என்று பெயர். சூரியன் அத்தனையும் பூமி அளவுக்குள்! ஒரு டீஸ்பூன் எடுத்தால் டன் கணக்கில் கனக்கும்.

இந்த எதிர்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்று கண்டார் சந்திரசேகர். எடை கூடக் கூட எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குகிறது. அதற்கு மேல் அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் நட்சத்திரம் உள்ளே சரிய வேண்டியதுதான்.

1931 மே 21-ல் அம்மா போய்விட்டார். மகன் கடல் கடந்து இருந்தார். முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் பெரிய விஞ்ஞானி எடிங்டன் இந்தக் கணக்கைக் கேலி செய்தார். கூட்டமும் சிரித்தது. அடுத்த வருஷம் சந்திரசேகர் லலிதாவை மணந்தார். லலிதாவும் பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் படித்தவர்தான். அவரைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லையே என்று எனக்குக் கொஞ்சம் ஆதங்கம். நோபல் பரிசு வந்தது 1983-ல்!

பெரிய நட்சத்திரம் சரிந்து சரிந்து கருந்துளையாகிறது. அதன் உள்ளே குவாண்டம் விதியும் ஈர்ப்பு விதியும் எப்படி ஒத்துப்போகின்றன என்பது இன்னும் விடுபடாத புதிர். டில்லியில் பிறந்த சுபீர் சச்தேவும் ஜின்வு யேயும் 1993-ல் விசித்திரமான குவாண்டம் பொருள்களுக்காக ஒரு கணக்கு எழுதினார்கள். 2015-ல் அலெக்சி கிதேவ் அதைச் சற்று மாற்றிப் பார்த்தார். அது கருந்துளைக் கணக்கோடு ஒத்துப்போகிறது! இப்போது உலகெங்கும் அதைத்தான் குடைந்துகொண்டிருக்கிறார்கள்.